மாதனூர் வட்டாரத் தோல்தொழில் குடும்பங்களுக்கான ஆதரவுச் சேவைகள்: அமைப்பும் இடைவெளிகளும்

ஆய்வுச் சுருக்கம்

பாலாற்றங்கரையில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்துள்ள மாதனூர் ஒன்றியத்தின் சிற்றூர்களில் தோல்பதனிடுதலும் காலணி உற்பத்தியும் குடும்ப வாழ்வின் அடிப்படையாக உள்ளன. இக்குடும்பங்களின் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உரிய ஆதரவுச் சேவைகள் தொழிலாளர் நலத்துறை, சமூக நலத்துறை, பள்ளிக்கல்வித்துறை, மக்கள் நல்வாழ்வுத்துறை, உள்ளூர்ச் சமூக நிறுவனங்கள் எனப் பல வாயில்கள் வழி வழங்கப்படுகின்றன. இச்சேவைகளின் சட்ட அடிப்படையையும் இயங்குமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வொரு சேவையும் தன்னளவில் தெளிவான விதிகளைக் கொண்டிருப்பினும், வயது, பதிவு, வருமானம், நேரம் ஆகிய எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் குறிப்பிட்ட சில குடும்பங்கள் எல்லாச் சேவைகளுக்கும் வெளியே நிற்க நேர்கிறது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச் சொற்கள்: மாதனூர், தோல்தொழில், காலணித் தொழிலாளர், வீட்டுவழித் தொழில், குழந்தைகள் காப்பகம், அங்கன்வாடி, குழந்தைகள் பாதுகாப்பு, நல வாரியம்.

முன்னுரை

நலத்திட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் பயனாளிகள் யாவர், ஒதுக்கீடு எவ்வளவு, விளைவு யாது என்று காணும் முறையில் அமைகின்றன. திட்டத்தின் பக்கமிருந்து குடும்பத்தை நோக்கும் பார்வை இது. குடும்பத்தின் பக்கமிருந்து திட்டங்களை நோக்கினால் வேறொரு காட்சி கிடைக்கிறது. ஒரே குடும்பத்தில் கைக்குழந்தை, பள்ளி செல்லும் சிறுவன், பத்தாம் வகுப்பை முடித்த பெண், தொழிற்சாலைக்குச் செல்லும் தாய், வீட்டிலிருந்தே காலணி தைக்கும் பாட்டி ஆகிய ஐவரும் இருக்கலாம். இவ்வைவருக்கும் ஐந்து வெவ்வேறு துறைகள் பொறுப்பேற்கின்றன. ஐந்தும் ஒரே வாசலில் சந்திக்கின்றனவா என்பதே ஆராயத்தக்க வினா. தோல்தொழில் வட்டாரத்தின் நடுவே அமைந்த மாதனூர் ஒன்றியம் இவ்வினாவிற்குப் பொருத்தமான களமாகக் கொள்ளப்படுகிறது.

1. களம்: பாலாறும் தோலும்

மாதனூர், சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவிற்கும் ஆம்பூருக்கும் இடையே உள்ளது. துத்திப்பட்டு, பெரியவரிக்கம், தேவலாபுரம், மின்னூர், விண்ணமங்கலம், சோலூர் முதலான ஊராட்சிகள் இவ்வொன்றியத்தைச் சார்ந்தவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை இணைக்கும் தோல்தொழில் வட்டாரத்தின் ஒரு பகுதியாக இது விளங்குகிறது.

ஆவாரம்பட்டை முதலான தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடும் முறையே இவ்வட்டாரத்தின் பழைய தொழில்நுட்பமாகும். பாதி பதனிடப்பட்ட தோல்கள் இங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. 1972ஆம் ஆண்டின் சீதாராமையா குழுவைத் தொடர்ந்து, பதனிடாத தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக்கப்பட்ட தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. இக்கொள்கை மாற்றம் தொழிலாளரின் முகத்தையே மாற்றியது. தோல் பதனிடும் கூடங்களில் ஆண்களின் உழைப்பே மிகுதி. காலணியின் மேற்பகுதியைத் தைத்தல், ஒட்டுதல், மெருகிடுதல் ஆகிய பணிகளுக்கோ பெண்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். அதன் பயனாக, ‘கம்பெனிக்குப் போதல்’ என்பது இவ்வட்டாரச் சிற்றூர்ப் பெண்களின் அன்றாட வழக்காயிற்று.

தோல்கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் வேளாண் நிலங்களையும் கெடுத்தது மற்றொரு காரணியாகும். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சூழலியல் நோக்கில் பெரிதும் பேசப்பட்ட இத்தீர்ப்பிற்குக் குடும்ப நலம் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. நிலம் விளைச்சல் குன்றியபோது, வேளாண் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் தொழிற்சாலை ஊதியத்தைச் சார்ந்து வாழும் நிலை வலுப்பட்டது. வயல்வேலைக்குக் குழந்தையை உடன் கொண்டுசென்று மரநிழலில் தூளி கட்டிய தாய்க்கு, தொழிற்சாலை வாயிலில் அவ்வாய்ப்பு இல்லை. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அங்கேயே தொடங்குகிறது.

2. தொழிற்சாலை வாயிலுக்கு உள்ளே: சட்டம் வழங்கும் ஆதரவு

பதிவுபெற்ற தொழிற்சாலையில் பணிபுரியும் பெண்ணுக்கு மூன்று வகையான சட்ட ஆதரவுகள் உள்ளன.

முதலாவது, தொழிலாளர் அரசு ஈட்டுறுதி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான இத்திட்டம், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளரை உள்ளடக்குகிறது. இவ்வெல்லை 2017 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2019 சூலை முதல் தொழிலாளர் பங்களிப்பு ஊதியத்தில் 0.75 விழுக்காடாகவும் வேலையளிப்பவர் பங்களிப்பு 3.25 விழுக்காடாகவும் அமைந்தன. தொழிலாளிக்கு மட்டுமன்றி அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி கிடைப்பது இதன் சிறப்பு.

இரண்டாவது, மகப்பேற்று நலன். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. ஈட்டுறுதித் திட்டத்தில் இதனைப் பெற, முந்தைய இரு பங்களிப்புப் பருவங்களில் குறைந்தது 70 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகள் காப்பகம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பக அறையைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் ஐம்பது பெண்கள் என்றிருந்த எண்ணிக்கை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டமோ, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்திற்குச் சென்றுவர அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இக்கடமையை ஏற்றுள்ளது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை மட்டும் எண்ணியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தே பணியாளர் எண்ணிக்கையைக் கணக்கிட்டது. காப்பகச் செலவிற்கு அஞ்சிப் பெண்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் போக்கிற்கு இப்புதிய கணக்கு இடமளிப்பதில்லை. குழந்தை வளர்ப்பு தாயின் தனிக் கடமையன்று என்ற கருத்தும் இக்கணக்கினுள் அடங்கியுள்ளது.

ஆயினும் காப்பகம் தொழிற்சாலையில் அமைவதால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. மாதனூர் ஒன்றியச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் பேருந்திலும் வேனிலும் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். நெரிசல் மிக்க வண்டியில் கைக்குழந்தையைக் காலையும் மாலையும் சுமந்துசெல்வதினும், ஊரிலேயே பாட்டியிடமோ அண்டைவீட்டாரிடமோ விட்டுச்செல்வதையே தாய்மார்கள் விரும்புவது இயல்பு. ஆகவே காப்பக அறை இருப்பதும் அதில் குழந்தைகள் இருப்பதும் வெவ்வேறு செய்திகளாகும். காப்பகம் பணியிடத்தில் அமைய வேண்டுமா, குடியிருப்பில் அமைய வேண்டுமா என்ற வினாவைச் சட்டம் வேலையளிப்பவரின் வசதிக்கு விட்டுவிடுகிறது.

3. வாயிலுக்கு வெளியே: வீட்டுவழித் தொழிலாளர்

காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை, ஆம்பூர் வட்டாரத்தில் நெடுங்காலமாக வீடுகளுக்குக் கொடுத்து வாங்கப்படுகிறது. வெட்டிய தோலை இடைத்தரகர் கொண்டுவந்து தருவார். பெண்கள் தைத்துக் கொடுப்பர். சோடிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படும். கைக்குழந்தை உடையவர், முதியோர், கணவன் வீட்டார் வெளியே அனுப்ப விரும்பாதவர் ஆகியோரே இவ்வேலையை மிகுதியும் மேற்கொள்கின்றனர். குழந்தை வளர்ப்பிற்குரிய ஆதரவு இன்மையே இவர்களுட் பலரை வீட்டுவழி வேலைக்குத் தள்ளுகிறது என்பதால், இதனைத் தொழில் வகையாக மட்டுமன்றி ஆதரவுச் சேவையின் குறைபாட்டு அளவுகோலாகவும் கொள்ளலாம்.

இப்பெண்களுக்கு வருகைப் பதிவேடு இல்லை. ஊதியச் சீட்டு இல்லை. ஆகவே ஈட்டுறுதியும் இல்லை. வீட்டுவழித் தொழிலாளரைப் பிற தொழிலாளருக்கு இணையாக நடத்தக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் 2008ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுவழித் தொழிலாளர் என்ற வகையினரை வரையறுத்துள்ளது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த நல வாரியங்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. அவற்றுள் காலணி, தோற்பொருள் தயாரிப்பு, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியம் உண்டு. உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டோருக்குப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, திருமண உதவி, மகப்பேற்று உதவி, விபத்து இழப்பீடு, அறுபது வயதிற்குப்பின் ஓய்வூதியம் முதலியன கிடைக்கும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பரவலாக உள்ள பீடி சுற்றும் குடும்பங்களுக்கு, 1976ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின்வழிப் பிள்ளைகளுக்கான கல்வி உதவியும் மருத்துவ வசதியும் தனியே உள்ளன.

இங்கு ஒரு நுண்ணிய சிக்கலைச் சுட்டவேண்டும். ஒரே பெண் திருமணத்திற்கு முன் தொழிற்சாலையிலும், குழந்தை பிறந்தபின் வீட்டுவழி வேலையிலும், குழந்தை பள்ளி சென்றபின் மீண்டும் தொழிற்சாலையிலும் பணிபுரிவது இவ்வட்டாரத்தில் காணத்தக்க வாழ்க்கைப் போக்கு. தொழிற்சாலையை விட்டு வெளியேறியதும் ஈட்டுறுதிப் பங்களிப்பு நின்றுவிடும். நல வாரியமோ அமைப்புசாராத் தொழிலாளருக்குரியது. அதில் புதிதாகப் பதிவு செய்தல் வேண்டும். மகப்பேறு நிகழும் காலமும், ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவிற்கு மாறும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. ஆதரவு மிகத் தேவைப்படும் வேளையில் பதிவு அற்றுப்போகும் இந்நிலைக்கு எந்தத் தனித் திட்டமும் காரணமன்று. இரண்டு திட்டங்களுக்கும் இடையே பாலம் இல்லாமையே காரணம்.

4. பிறப்பு முதல் இரண்டு வயது வரை

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், துணை உணவு, முன்பருவக் கல்வி, நலவாழ்வுக் கல்வி, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்மருத்துவப் பரிந்துரை ஆகிய ஆறு சேவைகளை அங்கன்வாடி வழி வழங்குகிறது. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தையின் எடையை மாதந்தோறும் கண்காணிக்கும் முறையைச் சிற்றூர்களில் பரவலாக்கியது. ஈட்டுறுதியில் சேராத ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேற்று உதவித் திட்டத்தின்கீழ் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணை முறையில் வழங்கப்படுகிறது.

இச்சேவைகளின் வயதெல்லைகளை மகப்பேற்று விடுப்போடு ஒப்பிட்டால் ஒரு வெற்றிடம் புலப்படும். 26 வார விடுப்பில் 8 வாரங்கள் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். அவ்வாறு எடுத்த தாய், குழந்தைக்கு 18 வாரம் நிறைந்ததும் பணிக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளே மையத்தில் இருந்து உண்டு கற்கின்றனர். அதற்குட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டிற்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. ஆகவே ஏறக்குறைய நான்கு மாதம் முதல் இருபத்து நான்கு மாதம் வரை, சுமார் இருபது மாதங்களுக்கு, தொழிற்சாலைக் காப்பகத்தைத் தவிரக் குழந்தையைப் பகல் முழுதும் பாதுகாக்கும் பொது ஏற்பாடு ஊரில் இல்லை. தாய்ப்பாலோடு துணையுணவு தொடங்கும் பருவமும், எடை குறையும் இடர் மிகுந்த பருவமும் இதுவேயாகும். சத்துமாவு வீட்டிற்கு வந்தாலும், அதனைக் காய்ச்சி ஊட்டுவதற்குரிய ஆள் வீட்டில் இருக்கவேண்டும்.

இரண்டு வயதிற்குப் பின்னரும் நேரம் சார்ந்த இடைவெளி தொடர்கிறது. அங்கன்வாடி மாலைக்கு முன்பே முடிவடைகிறது. தொழிற்சாலை வேலை மாலையில் முடிந்து, பயணமும் முடிந்தபின்னரே தாய் வீடு சேர்கிறாள். இடைப்பட்ட மணிநேரங்களை மூத்த உடன்பிறப்பே ஈடுசெய்கிறது. நாடு தழுவிய ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களை முன்வைக்கிறது. அத்தகைய மையம் தோல்தொழில் வட்டாரத்திற்கு மிகப் பொருத்தமானது எனலாம்.

5. பள்ளிப் பருவமும் இடைநிற்றலும்

1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் உழைக்கும் தாய்மார்களின் நேரத்தோடு நேரடித் தொடர்புடையவை. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு வேனைப் பிடிக்க ஓடும் தாய்க்குக் காலை உணவுத் திட்டம் உணவாக மட்டுமன்றி நேரமாகவும் பயன்படுகிறது. ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று குழந்தைப் பராமரிப்புச் சேவையாகவும் செயல்படுவதற்கு இது சான்று. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு உரிய இத்திட்டத்தின் எல்லை, ஆறாம் வகுப்பில் முடிந்துவிடுகிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம். 14 முதல் 18 வயது வரையுள்ளோரை இடர்மிகு தொழில்களில் அமர்த்தலாகாது. எனினும் பள்ளி நேரத்திற்குப்பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அத்திருத்தம் விலக்களித்தது. தாய் வீட்டில் தைக்கும் காலணியில் மகள் ஊசி கோத்துத் தருவது குடும்பத் தொழிலுக்கு உதவியா, வெளியிலுள்ள நிறுவனத்தின் உற்பத்தியில் குழந்தை உழைப்பா என்பது இவ்வட்டாரத்திற்கே உரிய சட்டச் சிக்கல். பொருளின் உரிமையும் விலையை முடிவு செய்யும் அதிகாரமும் குடும்பத்திடம் இல்லாதபோது அதனைக் குடும்பத் தொழில் என்பது பொருந்தாது.

பத்தாம் வகுப்பிற்குப்பின் பெண்ணின் முன் மூன்று வழிகள் உள்ளன: மேற்படிப்பு, கம்பெனி, திருமணம். அரசின் திட்டங்கள் முதல் வழியை வலுப்படுத்துகின்றன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவருக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. இவை கல்லூரி வாசலை அடைந்தவருக்கு உரியவை. பத்தாம் வகுப்பில் தேறாதவரும் பதினொன்றாம் வகுப்பில் நின்றுவிட்டவரும் இத்தொகையைக் காண்பதில்லை. கட்டாயக் கல்வி முடியும் 14 வயதிற்கும், முழு உரிமையோடு தொழிலாளராகும் 18 வயதிற்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பள்ளியை விட்டவரைத் தேடிச்சென்று சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவு தேவைப்படுகிறது.

6. குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நிறுவக் கோருகிறது. தொழிலாளர் சட்டத்திற்கு மாறாக வேலை செய்யும் குழந்தையும், திருமண வயதை எட்டுமுன் மணமுடிக்கப்படும் இடரில் உள்ள குழந்தையும் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்ற வரையறைக்குள் அடங்குவர். மீட்கப்படும் குழந்தை 24 மணிநேரத்திற்குள் குழுவின் முன் கொண்டுவரப்படல் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் முதல் தொடர்பு வாயில்களாக உள்ளன. ஊராட்சி அளவில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன.

குடும்பத்தைப் பிரிக்காமல் குழந்தையைக் காக்கும் வழியாக ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், கொடிய நோயுற்ற பெற்றோரின் குழந்தைகள் முதலானோர் இதற்கு உரியர். சிற்றூர்ப் பகுதியில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். அதாவது மாதம் 6,000 ரூபாய். தொழிற்சாலையில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் பெறும் முழுநேரத் தொழிலாளியின் வருமானம் இவ்வெல்லையைக் கடந்துவிடும். கணவனை இழந்த பெண், பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பதிவுபெற்ற தொழிற்சாலையில் சேர்ந்தால் ஆதரவுத் தொகையை இழக்கிறாள். வீட்டுவழிக் கூலியிலேயே தங்கினால் தகுதி பெறுகிறாள். ஈட்டுறுதியின் வருமான எல்லை 21,000 ரூபாயாக இருக்க, நிதி ஆதரவின் எல்லை 6,000 ரூபாயாக இருப்பது இரு துறைகளும் வறுமையை வெவ்வேறாக அளப்பதைக் காட்டுகிறது. பெற்றோர் இருவரையுமோ ஒருவரையோ இழந்து வாடும் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய மாநிலத் திட்டங்கள் மேற்கூறிய இடைவெளியைக் குறைக்கும் வாய்ப்புடையன.

நிருவாக எல்லையும் கருதத்தக்கது. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூர்ப் பகுதி திருப்பத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. மாதனூர் மக்களுக்குத் திருப்பத்தூரினும் வேலூர் அணித்து. மருத்துவத்திற்கும் வணிகத்திற்கும் வேலூரை நாடிப் பழகிய குடும்பம், குழந்தைகள் நலக் குழுவின் முன் தோன்றுவதற்குத் திருப்பத்தூர் செல்ல வேண்டும். நாட்கூலியை இழந்து, இருமுறை பேருந்து மாறிச் செல்லும் தாய்க்கு ஒரு விசாரணை நாள் என்பது ஒரு நாள் ஊதியமாகும்.

7. சமூக நிறுவனங்களின் பங்கு

அரசுச் சேவைகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் சமூக நிறுவனங்கள் வேரூன்றியிருந்தன. தோல் வணிகத்தில் ஈடுபட்ட முஸ்லிம் பெருமக்களின் கொடையால் கல்விச் சங்கங்கள் தோன்றின. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ஆம் ஆண்டிலும், மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் ஜக்காத் நிதிவழி ஆதரவற்றோருக்கும் மாணவருக்கும் உதவும் மரபு தொடர்கிறது. லுத்தரன் திருச்சபையினர் ஆம்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நிறுவினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கீழ்வைத்தியனான்குப்பத்தில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய ஊரக நலவாழ்வு, சமூகப் பணி மையம், மருத்துவத்தையும் குடும்ப வருவாயையும் ஒருங்கே நோக்கும் முறைக்கு அண்மை முன்மாதிரியாகும்.

இந்நிறுவனங்களின் வலிமை, அவை குடும்பங்களை முகமறிந்து அணுகுவதில் உள்ளது. உருது பேசும் தாய் ஒருத்தி தமிழ்ப் படிவத்தின்முன் தயங்கும்போது, ஜமாஅத் அலுவலகமோ பள்ளி ஆசிரியையோ அத்தயக்கத்தைப் போக்க இயலும். மகளிர் தன்னுதவிக் குழுக்களும் இவ்வாறே செயல்படக்கூடியவை. ஆனால் சமூக உதவி கொடையாக அமையுமேயன்றி உரிமையாக அமையாது. ஒரு சமூகத்தின் உறுப்பினர் அல்லாதாரும், வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளரும் அதற்கு வெளியே நிற்க நேரும். ஆகவே சமூக நிறுவனத்தைச் சேவை வழங்குநராகக் கொள்வதினும், அரசுச் சேவைக்கு அழைத்துச்செல்லும் வழித்துணையாகக் கொள்வது பொருத்தமுடையது.

8. இடைவெளிகளின் தொகுப்பு

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து நான்கு இடைவெளிகளைத் தொகுத்துரைக்கலாம்.

அ. வயது இடைவெளி: நான்கு மாதம் முதல் இரண்டு வயது வரையிலும், 14 முதல் 18 வயது வரையிலும் சேவை மெலிகிறது. இவ்விரு வெற்றிடங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவே வளரிளம் பெண் பள்ளியை விட்டு நிறுத்தப்படலாம். காப்பகம் இல்லாமை ஒரு தலைமுறையில் இரண்டு பிள்ளைகளைப் பாதிக்கிறது.

ஆ. பதிவு இடைவெளி: ஈட்டுறுதிக்கும் நல வாரியத்திற்கும் இடையே இயங்கும் பெண் இரண்டிலும் தொடர்ச்சியை இழக்கிறாள்.

இ. வருமான இடைவெளி: முறையான வேலைக்கு மாறுவோர் ஆதரவை இழக்கும் வகையில் எல்லைகள் அமைந்துள்ளன.

ஈ. நேர, இட இடைவெளி: தொழிற்சாலையின் நேரமும் அங்கன்வாடி, அலுவலகம் ஆகியவற்றின் நேரமும் ஒத்துவரவில்லை. குறைதீர் நாள்கள் வேலை நாள்களிலேயே அமைகின்றன. சம்பளம் பிடிக்கப்படாமல் மனுக்கொடுக்க இயலாத தாய்க்குத் திட்டம் இருந்தும் இல்லாததேயாகும்.

இவற்றைக் குறைக்கும் வழிகள் புதிய திட்டங்களை வேண்டுவன அல்ல. தொழிற்சாலைகள் தத்தம் காப்பகக் கடமையைத் தொழிலாளர் வாழும் ஊராட்சியிலுள்ள அங்கன்வாடியோடு கூட்டாக நிறைவேற்றலாம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுக் காப்பக வசதிக்கு இடமளித்துள்ளது. தொழிற்சாலையை விட்டு விலகும் பெண்ணுக்கு, விலகும் நாளிலேயே நல வாரியப் பதிவிற்கான உதவி அளிக்கலாம். குழந்தைகள் நலக் குழு குறித்த நாள்களில் ஆம்பூரில் அமர்வதும், ஒன்றிய அலுவலகத்தில் விடுமுறை நாள் முகாம் நடத்துவதும் பயண இழப்பைக் குறைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானவுடன் ஊராட்சிக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு தேறாதோர் பட்டியலைப் பள்ளியிடமிருந்து பெற்று, துணைத்தேர்விற்கும் தொழிற்பயிற்சிக்கும் வழிகாட்டுதல் இயலக்கூடியதே.

முடிவுரை

மாதனூர் வட்டாரத்தில் தைக்கப்படும் காலணி உலகச் சந்தைக்குச் செல்கிறது. அதனைத் தைப்பவளின் குழந்தை பகற்பொழுதில் யாரிடம் இருக்கிறது என்பதே இவ்வட்டாரத்து ஆதரவுச் சேவைகளை அளக்கும் எளிய அளவுகோலாகும். ஈட்டுறுதி, நல வாரியம், அங்கன்வாடி, காலை உணவு, குழந்தைகள் பாதுகாப்பு ஆகிய ஒவ்வொன்றும் நெடிய சட்டப் போராட்டங்களாலும் ஆட்சி முயற்சிகளாலும் உருவானவை. அவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவை தனித்தனி எல்லைகளை வகுத்துக்கொண்டமையால், எல்லைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் கைக்குழந்தையும், பள்ளியை விட்ட பெண்ணும், வீட்டில் தைக்கும் தாயும் தங்கிவிடுகின்றனர். இம்மூவரும் ஒரே வீட்டினராக இருத்தல் கூடும். திட்டத்தை அலகாகக் கொள்ளாமல் குடும்பத்தை அலகாகக் கொண்டு சேவைகளை ஒன்றிய அளவில் இணைப்பதே இந்நிலையை மாற்றும் வழியென இவ்வாய்வின்வழி அறியமுடிகிறது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விசாரம் முதலான ஊர்களையும் இவ்வாறே குடும்ப அலகின்வழி ஆராய்வது, தோல்தொழில் வட்டாரம் முழுமைக்குமான ஒப்பாய்விற்கு அடித்தளமாக அமையும்.